தோற்க வரும் சேனை

மேகம் தங்கிப் போகும் மலைகளும் மலையை மறவாத ஆறும் உடைய குன்றைவள நாட்டின் அதிபதி, கேட்ட சொல்லுக்கு மறுசொல் குறையாதவர், நாவினால் நாற்றிசையும் வென்றவர், நெடுவேள் மகாராயரின் பேரமைச்சன் ஆதன்கூத்தன், வெள்ளிலையாற்றின் அக்கரையில் சேனையோடு கூடாரம் அடித்திருக்கும் தாழைநாட்டுப் பெருவேந்தர் பொழிற்கோமான் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடை நிழல் குறையாது வாழ்க. தங்கள் பட்டத்து யானை பசியறியாது வாழ்க. தங்கள் மடைப்பள்ளியில் புகை ஒருநாளும் அடங்காது வாழ்க. அந்தப் புகை ஆற்றுக்கு அக்கரையிலேயே எழுக.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த ஓலை வாதம் அன்று. இதில் உள்ள எதுவும் தங்கள் கருத்தை மறுப்பதற்காக எழுதப்படவில்லை. வாசிக்கக் கேட்டுவரும்போது எங்கேனும் ஓரிடத்தில் இந்த அமைச்சன் சொல்வதும் நியாயம்தானே என்று தங்கள் திருவுள்ளத்தில் தோன்றுமாயின், அந்த எண்ணத்தை அப்போதே அடக்கிக்கொள்ளுமாறு இரு கை கூப்பி வேண்டுகிறேன். தங்களை வென்றுவிட்டுத் தங்களுக்குச் சோறு போடும் நிலையில் நாங்கள் இப்போது இல்லை.

தங்கள் முன் நின்று இதை வாசிப்பவர் அயல்நாட்டவராக இருந்தால் அவர் திகைக்கக்கூடும் என்பதால், நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கத்தைச் சுருங்கச் சொல்கிறேன். நம் இரு குலத்துக்கும் முன்னோராகிய முதுவேள், தம் மக்கள் இருவரும் ஓயாமல் சண்டையிடுவதைக் கண்டு மனம் சலித்து, வாதத்தில் வென்றவன் தோற்றவனுக்கும் அவனோடு வந்தவர்க்கும் மூன்று நாள் விருந்து வைக்க வேண்டும் என்று விதித்தார். வயிறு நிறைந்தவன் வன்மம் வைத்துக்கொள்ள மாட்டான் என்பது அவர் கணிப்பு. வாதத்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது பசித்து வந்தவரை விரட்டியதற்கு ஒப்பான பழி என்றும் அவரே விதித்தார். அந்த இரண்டாம் விதியைச் சொல்லும்போது அவர் நன்றாக உண்டு முடித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கத்தால் எங்கள் குடிகளுக்கு வந்த நன்மையை நான் மறைக்க மாட்டேன். தம் வரும்படி என்ன, அதில் எத்தனை வாதம் வெல்லலாம் என்று அறிந்து வாழ்கிறவர்கள் அவர்கள். குன்றையில் ஒரு வீட்டுத் தலைவன் வாசலில் நின்று பக்கத்து வீட்டானோடு தர்க்கித்துக்கொண்டிருப்பான். உள்ளே அவன் மனையாள் அரிசிப் பானையை அகப்பையால் ஒருமுறை தட்டுவாள். பானை நிறைந்திருந்தால் ஓசை மந்தமாகக் கேட்கும். அவன் குரலை உயர்த்துவான். கணீரென்று கேட்டால், அந்த நொடியே முகம் மலர்ந்து, தாங்கள் சொல்வதே சரி அண்ணாச்சி, எனக்குத்தான் இத்தனை நாள் புத்தி மட்டு என்று ஒப்புக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு இலையோடு கிளம்பிவிடுவான். பக்கத்து வீட்டில் அதற்குள் பானை தட்டியிருந்தால் இருவரும் மாறி மாறிப் புத்தி மட்டு என்று சொல்லிக்கொண்டு பொழுது போக்குவார்கள். இதனால் எங்கள் தெருக்களில் சண்டை இல்லை. வெளிநாட்டு வணிகர் இதைப் பண்பாடு என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். நாங்களும் மறுப்பதில்லை, மறுத்து வென்றால் செலவு.

அடியேன் வீட்டுக் கதையும் அதுவே. என் மனையாள் நக்கை அகப்பையை அடுப்பங்கரையில் வைப்பதே இல்லை, கையிலேயே வைத்திருக்கிறாள். மணமான நாள் முதல் நான் அவளிடம் ஒரு வாதத்திலும் வென்றதில்லை. அமைச்சர் சம்பளம் அவ்வளவுதான்.

இப்படி வரவறிந்து நா அடக்கும் நாட்டில், எங்கள் மகாராயர் ஒருவர் மட்டும் அடக்க வேண்டிய தேவையே இல்லாமல் வளர்ந்துவிட்டார். அரண்மனைப் பானையை யார் தட்டுவது? இளவரசராக இருந்தபோதே ஆசிரியர் அனைவரையும் வென்று அவர்களைக் கொழுக்க வைத்தார். தம் திருமணப் பந்தலில் பெண்ணின் தந்தையாரோடு, எதிரே வந்து நிற்பவனைப் பார்த்து வந்தாயா என்று கேட்பது அறிவுடைமை ஆகுமா என்று வாதிட்டு வென்றார். பெண்வீட்டார் போட வேண்டிய கல்யாண விருந்தை மாப்பிள்ளை வீட்டார் போட்டோம். நான் அவரைக் குறைசொல்லவில்லை. நீதி தவறாதவர், ஏழைக்கு இரங்குபவர், தோளில் தூக்கி வளர்த்த எனக்கு மகன் போன்றவர். அவரிடம் உள்ள ஒரே சங்கடம், அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கிறது. ஒரு பிழையான சொல் காதில் விழுந்தால் அவருக்குக் காலில் முள் தைத்தது போல் ஆகிவிடும்; பிடுங்கி எறியாமல் உறங்க மாட்டார்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் தங்கள் நாட்டு உப்பு வணிகர் கொற்றனார். சென்ற மாசி மாதம் அவர் வண்டிகளோடு எங்கள் அரண்மனை வாயிலில் நின்று, உப்பு இனிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகாராயர் உள்ளிருந்து ஓடிவந்தார். பொழுது சாய்வதற்குள் உப்பு கரிக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. கொற்றனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோல்வியை ஒப்புக்கொண்டார். வண்டிக்காரரும் அவர்தம் குடும்பத்தாரும் மூன்று நாள் உண்டார்கள். போகும்போது, அடுத்த முறை மிளகு குளிர்ச்சி என்று சொல்ல எண்ணம் என்று மடைப்பள்ளித் தலைவர் பூதனாரிடம் சொல்லிவிட்டே போனாராம்.

அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். தாழைநாட்டில் அடுப்பு மூட்டுவது அருகிவிட்டது என்று கேள்விப்படுகிறேன். வண்டி வண்டியாக, கைக்குழந்தை உட்பட, ஆளுக்கொரு பிழையான கருத்தோடு ஆறு கடந்து வருகிறார்கள். சூரியன் மேற்கே உதிக்கிறது என்கிறார் ஒருவர். மாமனார் வீட்டில் ஆறு மாதம் தங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்கிறார் மற்றொருவர். கடன் வாங்கிக் காதணி செய்தால் காது வளரும், கடன் வளராது என்று ஓர் அம்மையார் வாதித்தார். அவர் மட்டும் உண்மையாகவே அப்படி நம்பியதாகத் தெரிந்தது. சொந்தமாகக் கருத்து இல்லாதவர்க்கு உதவ, பரிசல்துறை அருகே கீற்றுக் கொட்டகை போட்டு ஒருவர் பிழையான கருத்துகளை விற்கிறார். ஓர் எள்ளுருண்டைக்கு ஒரு கருத்து. இரண்டு கொடுத்தால், மகாராயர் அரை நாள் வாதிடக்கூடிய கடினமான கருத்தாகக் கிடைக்கும் என்கிறார்கள். இதில் யாரையும் நான் குற்றம் சாட்டவில்லை. செய்தி சொல்கிறேன், அவ்வளவே.

இப்போது எங்கள் களஞ்சியத்தில் எஞ்சியிருப்பது வைக்கோற்பிரி சுற்றிக் கட்டிய விதைநெல் மட்டும். உண்ணும் நெல் ஒரு மணியும் இல்லை. ஆற்றில் புதுநீர் வந்துவிட்டது; நாற்றங்கால் உழுது காத்துக் கிடக்கிறது. இந்தக் கிழமைக்குள் விதை தெளிக்காவிட்டால் வரும் தை மாதம் எங்கள் நாட்டில் அறுக்க ஒன்றும் இராது. வாதிடவும் ஆள் இராது. இவ்வரிகளில் எழுத்து கோணியிருந்தால் வயதின்மேல் பழி போட வேண்டாம்.

இந்த வேளையில்தான் எங்கள் ஒற்றர் தங்கள் சேனையைப் பற்றிய செய்தி கொண்டுவந்தார். ஆற்றின் நடுவே உள்ள கொக்குத்திட்டு தாழைநாட்டுக்கே உரியது என்று வாதிடத் தாங்களே நேரில் எழுந்தருளப் போவதாகவும், உடன் சேனை முழுவதும் வருவதாகவும் சொன்னார். ஆயுதம் என்ன என்று கேட்டேன். வாள் இல்லை, வேல் இல்லை, வீரன் ஒவ்வொருவன் இடுப்பிலும் சுருட்டிய வாழையிலை ஒன்று செருகியிருக்கிறது என்றார். யானைகளின் மேல் அம்பாரிக்குப் பதிலாக மூடிபோட்ட வெண்கல அண்டாக்கள் ஏறியிருப்பதாகவும், அவை மிச்சம் கொண்டுபோவதற்கு என்று பாகர்கள் ஒளிவில்லாமல் சொல்வதாகவும் அறிந்தேன். வெல்ல வரும் படையை எதிர்க்க எங்களிடம் கோட்டை உண்டு, அகழி உண்டு. தோற்க வரும் படையை எதைக் கொண்டு தடுப்பது? வேந்தே, எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. அது வாதம் ஆகாது என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவை கூடியது. திட்டை விட்டுக்கொடுத்துவிடலாம், ஓலை வழியே நாமே முந்தித் தோற்றுவிடலாம் என்று விண்ணப்பித்தேன். மகாராயர் அரியணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். திட்டின் நடுவில் தம் பாட்டனார் நட்ட எல்லைக்கல் நிற்பதையும், அதில் தங்கள் பாட்டனாரே சம்மதித்து இட்ட முத்திரை இருப்பதையும், ஆறு எந்த ஆண்டு எந்தப் பக்கம் விலகிப் பாய்ந்தது என்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அத்தனையும் உண்மை. அவையில் பாதிப்பேர் மெய்ம்மறந்து கேட்டார்கள். பூதனார் மட்டும், அப்படியானால் விதைநெல்லின் கட்டை அவிழ்க்கலாமா, விருந்துக்கு ஊறப்போட நேரமாகிறது என்று என் காதில் கேட்டார்.

அவ்வமயம் கீழைப்பற்று உழவர் சிலர் விதை கேட்டு வாயிலில் நின்றனர். அவர்களுக்குத் தலைவியாக எயினி என்பவள் உள்ளே வந்தாள். மகாராயர் பேச்சை நிறுத்தாமல் அவளிடமே திரும்பி, கொக்குத்திட்டு நம்முடையதா இல்லையா, நீயே சொல் என்றார். அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நம்மளதுதானுங்க சாமி. அதுல என்ன சந்தேகம்? ஆனா அதுல போட விதை இருக்குதுங்களா?” என்றாள்.

மகாராயர் வாய் திறந்தார். மூடினார். அவள் அவரோடு முழுதும் ஒத்துப்போயிருந்ததால் வெல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் மறுசொல் இல்லாமல் நின்றதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அரியணையில் மெல்ல அமர்ந்து, விதைநெல்லைத் தவிர வேறு நெல்லே இல்லையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றார். மூன்று முறை சொன்னேன் என்பதையும், மூன்று முறையும் அவர் என்னை வாதத்தில் வென்று விருந்து வைத்தார் என்பதையும் நினைவூட்டினேன். அந்த விருந்துகளை என் குடும்பத்தோடு உண்டேன் என்பது உண்மை. சுவையாகவே இருந்தன.

ஆயினும் அரசர்க்குத் தோற்பது என்பது சொன்னவுடன் வரும் காரியமா? தோல்வியோலை எழுதி நீட்டினேன்; முத்திரை மோதிரத்தைக் கழற்றினார், மீண்டும் அணிந்தார். உண்மை நம் பக்கம் இருக்கும்போது பொய்யாக எப்படித் தோற்பது என்று வருந்தினார். பெருமூச்சு விட்டு, பாவம், தங்களால் தோற்க முடியாது சாமி, அந்தத் திறமை தங்களுக்கு வாய்க்கவில்லை, அதற்குத் தாழைநாட்டார் போல் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி ஓலையைச் சுருட்டினேன்.

மகாராயர் புருவம் உயர்ந்தது. என்னால் முடியாது என்று எவன் சொன்னான் என்றார். அடியேன்தான் சொல்கிறேன் என்றேன். உச்சிப்பொழுது முதல் விளக்கேற்றும் பொழுது வரை, தம்மால் தோற்க முடியும் என்று என்னோடு வாதிட்டார். நான் என் ஆயுளில் செய்த வாதங்களுள் மிகக் கடுமையானது அது. முடியாது என்பதை அசையாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல், இதோ பார் என்று சொல்லி, அரக்கை உருக்கி ஓலையில் முத்திரையை அழுத்தினார். என்னை வென்றுவிட்டார். முத்திரையை எடுத்தபின் அது தோல்வியோலை என்பது நெஞ்சில் உறைத்திருக்க வேண்டும்; முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு குழந்தை போல் அழுதார். நானும் அழுதேன். எயினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

ஆகவே, தாழைநாட்டுப் பெருவேந்தரே, இப்போது செய்தியைக் கேட்டருள்க. கொக்குத்திட்டு தங்களுடையது. தாங்கள் ஒரு சொல்லும் பேசாமலே எங்களை வென்றுவிட்டீர்கள். இந்த ஓலையும் இதனோடு கட்டிய தோல்வியோலையும் தங்கள் கையில் பட்ட கணத்தில் எங்கள் தோல்வி நிறைவேறியது. முதுவேள் விதித்தபடி, வென்றவராகிய தாங்கள் தோற்றவராகிய எங்கள் மகாராயருக்கும் அவரோடு வருவோர்க்கும் மூன்று நாள் விருந்து வைக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அவரோடு வருவோர் யாரெனில், குன்றைவள நாட்டுக் குடிகள் அனைவரும். நடக்கக்கூடியவர் நடந்து வருவார்கள். முடியாதவரை வண்டியில் ஏற்றுகிறோம். எங்கள் மக்கள் பல திங்களாகத் தங்கள் மக்களுக்குப் பரிமாறிக் களைத்திருக்கிறார்கள் என்பதால் சற்று அதிகம் உண்ணக்கூடும்.

இல்லை, நாங்கள் வெல்லவில்லை, திட்டு உண்மையில் குன்றையினுடையதே என்று தாங்கள் மறுத்து எழுதவும் தடையில்லை. அவ்வாறு எழுதினால், தாங்கள் வெல்லவில்லை என்ற அந்த வாதத்திலும் தங்களிடம் நாங்கள் தோற்றுவிட்டோம் என்பதை இந்த ஓலையிலேயே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறோம். அப்போது அந்த வெற்றிக்கும் மூன்று நாள் தாங்களே போட வேண்டி வரும். மீண்டும் மறுத்தால் மீண்டும் தோற்போம். தோற்பதைத் தங்கள் குடிகளிடமிருந்தே கற்றுக்கொண்டோம், நல்ல ஆசிரியர்கள்.

இத்தனை பேருக்கு உலை வைக்க மலைப்பாக இருந்தால், வழக்கத்திலேயே ஒரு வழி உண்டு. தோற்றவர் நோயுற்றிருந்தாலும் வர இயலாதிருந்தாலும், விருந்தைச் சமைக்காத தானியமாக அவர் வீட்டுக்கு அனுப்பலாம் அன்றோ? எங்கள் மக்களுக்கு நாற்றங்கால் வேலை இருப்பதால் வர இயலாது என்றே வைத்துக்கொள்ளலாம். தங்கள் சேனை எங்களிடம் எவ்வளவு உண்ணும் என்று தாங்கள் கணக்கிட்டுப் புறப்பட்டீர்களோ, அதே அளவு நெல்லை, அதே யானைகளின் மேல், அதே அண்டாக்களில் அனுப்பினால் போதும். அதைக் கொண்டு அறுவடை வரை எங்கள் அடுப்பு எரியும். எங்கள் விதை வயலுக்குப் போகும். அண்டாக்களைக் கழுவித் திருப்பி அனுப்புவோம். வீரர்கள் இடுப்பிலுள்ள இலைகளை வாடுமுன் வீட்டில் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

இது வாதம் அன்று என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன். மகாராயர் என்னை வென்றதற்கு எனக்கு வைக்க வேண்டிய விருந்து ஒன்று பாக்கி நிற்கிறது. என் மனையாள் பானையைத் தட்டிக் காட்டியதன்பேரில், அதை ஒரு கலயம் நீராகாரமாகப் பெற்றுக்கொண்டு தீர்த்துவிட்டேன். உப்பு போட்டிருந்தார்கள். கரித்தது.

தங்கள் நாடு செழிக்க. தங்கள் யானைகள் இன்றே ஆறு கடக்க. பாரத்தோடு வந்து வெறுமையாகத் திரும்புக. இந்த ஓலை கொண்டுவரும் தூதர் தங்களோடு எதற்கும் ஒத்துப்போவார். அவரைப் பேச்சுக்கு இழுக்க வேண்டாம். குன்றை அரண்மனையில், ஆடித் திங்கள் வளர்பிறையில், மகாராயர் முன்னிலையில் எழுதி, அரக்கு இட்டு, முத்திரை பதித்து விடுத்தேன். ஆதன்கூத்தன்.

முத்திரைக்குக் கீழே காணும் வரி என் எழுத்து அன்று. சுருளைக் கட்டுமுன் மகாராயர் எழுத்தாணியைக் கேட்டார். கொடுக்க அஞ்சினேன், கொடுத்தேன். அவர் எழுதியது, எங்கள் நாட்டுக்கும் தங்கள் நாட்டுக்கும் இன்று முதல் ஆணையாகுக:

‘நாம் தோற்றோம். நம்மோடு வாதிட வருவோர் இனியும் வரலாம், வாசல் திறந்தே இருக்கும். வருகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருக. எனக்கும் சேர்த்து.’